லங்காவியில் வாடகைக் கார் எடுத்து நாமே ஓட்டுவது: பெற்றோரும் குழந்தைகளும் உடன் வரும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

#1 மடிப்பாக்கம்வாசி

அனைவருக்கும் வணக்கம். வரும் மே மாத விடுமுறையில் மலேசியாவின் லங்காவித் தீவுக்குக் குடும்பத்துடன் செல்லவிருக்கிறோம். நான், மனைவி, 68 வயதான அப்பா, முழங்கால் வலியால் அதிகம் நடக்க இயலாத அம்மா, 8 வயது மகள், 3 வயது மகன் என மொத்தம் ஆறு பேர். சென்னையிலிருந்து இரவு விமானத்தில் கோலாலம்பூர் சென்று, அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் தீவை அடைகிறோம். பந்தாய் செனாங் கடற்கரைக்கு அருகில் விடுதியைப் பதிவு செய்துவிட்டோம்.

விமான நிலையத்திலேயே ஒரு காரை வாடகைக்கு எடுத்து நானே ஓட்டலாம் என்பது என் எண்ணம். அம்மாவை ஒவ்வொரு முறையும் வெயிலில் வண்டிக்காகக் காக்க வைக்க வேண்டியதில்லை. மகன் தூங்கிவிட்டால் நினைத்த நேரத்தில் விடுதிக்குத் திரும்பலாம். நான் பல ஆண்டுகளாகப் பழைய மகாபலிபுரம் சாலையில் அலுவலகத்துக்குக் கார் ஓட்டிச் செல்பவன் என்றாலும், வெளிநாட்டில் இதுவரை வண்டி ஓட்டியதில்லை.

இணையத்தில் வாடகை விவரங்களைப் பார்த்தபோது குழப்பமே மிஞ்சியது. ஏழு பேர் அமரக்கூடிய ஒரே வகைக் காருக்கு ஒரு நிறுவனம் கேட்கும் நாள் வாடகை, இன்னொரு நிறுவனம் கேட்பதைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருக்கிறது. இந்த வேறுபாடு எதனால் வருகிறது? நம் ஓட்டுநர் உரிமம் அங்கே போதுமா? டெபாசிட் என்று பெருந்தொகையைப் பிடித்து வைப்பார்கள் என்கிறார்களே, அது எப்படித் திரும்பி வரும்? ஓட்டுநருடன் கூடிய வண்டியே பாதுகாப்பு என்று அப்பா சொல்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

#2 மாம்பலம் பயணி

வணக்கம் நண்பரே. முதலில் ஆவணங்களைப் பார்த்துவிடலாம், ஏனெனில் அவற்றில் குறையிருந்தால் மற்றவற்றைப் பேசிப் பயனில்லை.

உங்கள் ஓட்டுநர் உரிமத்துடன் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். இந்தியா வழங்கும் அனுமதி 1949ஆம் ஆண்டின் ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின் அடிப்படையிலானது. மலேசியாவும் அதே உடன்படிக்கையில் இணைந்திருக்கும் நாடு. ஒன்றிய அரசின் பரிவாகன் தளத்தில் உள்ள சாரதி பக்கத்தில் விண்ணப்பித்து, உங்கள் பகுதிக்குரிய ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் வழியாகப் பெற வேண்டும். விண்ணப்பப் படிவம் 4ஏ. கட்டணம் 1,000 ரூபாய். அனுமதி ஓராண்டுக்குச் செல்லும். அதற்கு முன்பே உங்கள் உரிமம் காலாவதியானால் அனுமதியும் அத்துடன் முடிந்துவிடும். ஆகவே முதலில் உரிமத்தின் கடைசித் தேதியைப் பாருங்கள். விசாவும் மருத்துவச் சான்றும் இணைக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை 2021இல் நீக்கப்பட்டுவிட்டதால், இப்போது பெறுவது முன்பைவிட எளிது. 2022 முதல் நாடு முழுவதும் ஒரே வடிவில், கியூஆர் குறியீட்டுடன் இந்த அனுமதி வழங்கப்படுகிறது.

ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த அனுமதி உங்கள் உரிமத்தின் மொழிபெயர்ப்பைப் போன்றது. தனியாக அதற்கு மதிப்பில்லை. அசல் உரிம அட்டை உடன் இருந்தே ஆக வேண்டும். சென்னையில் போக்குவரத்துக் காவலரிடம் கைப்பேசியில் டிஜிலாக்கரைத் திறந்து காட்டிப் பழகியிருக்கிறோம். வெளிநாட்டு வாடகை நிறுவனத்தின் மேசையில் அது செல்லாது. அட்டை தொலைந்து போய்க் கைப்பேசிப் படத்தைக் கொண்டே காலம் தள்ளுபவர்கள், பயணத்துக்கு முன்பே நகல் அட்டைக்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது. அதேபோல், வீட்டிலிருந்தபடியே ஒரே நாளில் ‘சர்வதேச லைசென்ஸ்’ தருகிறோம் என்று பணம் கேட்கும் இணையதளங்களின் பக்கம் போகவே வேண்டாம்.

#3 காப்பீட்டுக்காரர் அண்ணாநகர்

வாடகை ஏன் இரு மடங்காக வேறுபடுகிறது என்ற கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன். மோட்டார் காப்பீட்டில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் வேலை என்னுடையது. இந்த ஒரு விஷயத்தைப் புரியாமல் நம்மவர்கள் பணம் இழப்பதைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது.

நம் ஊரில் முழுக் காப்பீடு எடுத்த சொந்தக் காரில் ஒரு கீறல் விழுந்தால், பழுதுச் செலவில் கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய பங்கு, 1,500 சிசி வரையுள்ள கார்களுக்கு 1,000 ரூபாய், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 2,000 ரூபாய். தேய்மானக் கழிவு தனி. இந்தப் பங்கு அவ்வளவு சிறியது என்பதால் அப்படி ஒன்று இருப்பதே பலருடைய கவனத்துக்கு வருவதில்லை. வெளிநாட்டு வாடகைக் கார்களில் இதே பங்கை ‘எக்ஸஸ்’ என்கிறார்கள். அது பல மடங்கு பெரியதாக இருக்கும். ஓர் எடுத்துக்காட்டுக்கு, ஒப்பந்தத்தில் எக்ஸஸ் 3,000 ரிங்கிட் என்று இருப்பதாகவும், ஒரு ரிங்கிட் 20 ரூபாய் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கார் நிறுத்துமிடத்துத் தூணில் கதவு உரசி, பழுது பார்க்க 2,500 ரிங்கிட் ஆனால், அந்த 50,000 ரூபாயும் உங்களுடையது; காப்பீடு அதில் ஒரு ரூபாய்கூடத் தராது. பழுது 10,000 ரிங்கிட் ஆனால், முதல் 3,000 உங்களுடையது, எஞ்சியது அவர்களுடையது. ஆக, ‘காப்பீடு சேர்த்தே வாடகை’ என்று விளம்பரத்தில் எழுதியிருந்தாலும், சிறு சேதங்கள் அனைத்தும் உங்கள் தலையில்தான் விழும் என்பதே அதன் பொருள்.

குறைந்த வாடகை கேட்கும் நிறுவனம் பெரும்பாலும் எக்ஸஸை உயர்த்தி வைத்திருக்கும். கூடுதல் வாடகை கேட்பவர் எக்ஸஸைக் குறைத்தோ முற்றிலும் நீக்கியோ தரக்கூடும். ஆகவே இரண்டு விலைகளை ஒப்பிடும்போது நாள் வாடகையை மட்டும் பார்க்காமல், ‘கார் சேதமடைந்தால் நான் அதிகபட்சம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும்’ என்ற தொகையையும் பக்கத்தில் எழுதி வைத்து ஒப்பிடுங்கள். சில சமயம் மலிவானது விலை கூடியதாகவும் விலை கூடியது மலிவாகவும் மாறிவிடும். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: குழந்தைகளோடும் முதியவர்களோடும் போகும் குடும்பம், நாளொன்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து, எக்ஸஸை இயன்ற அளவு குறைத்துக்கொள்வதே முறை. விடுமுறை நாட்களை ஒரு கீறலைப் பற்றிய அச்சத்தில் கழிக்க வேண்டியதில்லை.

எக்ஸஸைக் குறைக்கும் இந்த ஏற்பாட்டை ‘சிடிடபிள்யூ’ என்ற மூன்றெழுத்துப் பெயரில் விற்பார்கள். மோதலால் ஏற்படும் சேதத்துக்கு உங்களிடம் பணம் கேட்பதில்லை, அல்லது இவ்வளவுக்கு மேல் கேட்பதில்லை என்று நிறுவனம் தரும் உறுதிமொழி அது. அதை வாங்கிய பிறகும் பல நிறுவனங்களில் டயர், கண்ணாடி, சக்கர வளையம், வண்டியின் அடிப்பாகம், கூரை, சாவி ஆகியவை அதற்குள் அடங்காமல் இருக்கும். கடற்கரை ஊர்களில் அடிப்பாகமும் டயரும்தான் அதிகம் அடிபடுகின்றன என்பதால் இந்த விலக்குப் பட்டியலைத் தவறாமல் படிக்க வேண்டும். கார் பழுது பார்க்கப்படும் நாட்களுக்கான வாடகை இழப்பை உங்களிடமே கேட்கும் விதியும் சில ஒப்பந்தங்களில் உண்டு.

காருக்காகக் கடன் அட்டையில் பிடிக்கும் டெபாசிட்டும் இந்த எக்ஸஸோடு தொடர்புடையதுதான். எக்ஸஸ் எவ்வளவோ அதற்கு ஈடான தொகையை, அல்லது அதில் ஒரு பகுதியை, அட்டையில் முடக்கி வைப்பார்கள். பணம் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறாது. ஆனால் அட்டையின் வரம்பில் அந்த அளவு குறைந்துவிடும். கார் நலமாகத் திரும்பிய பின் முடக்கத்தை விடுவிப்பார்கள். வங்கிக் கணக்கில் அது தெரியச் சில நாட்களோ அதற்கு மேலோ ஆகலாம். டெபிட் அட்டை என்றால் பணத்தை உண்மையாகவே எடுத்துவிட்டுப் பிறகு திருப்பி அனுப்புவார்கள். இடையில் செலாவணி விகிதம் மாறினால் குறைவாகத் திரும்பி வரும். பயணத்துக்காக வாங்கும் ஃபாரெக்ஸ் அட்டையைப் பல நிறுவனங்கள் டெபாசிட்டுக்கு ஏற்பதே இல்லை. ஆகவே உங்கள் பெயரில் ஒரு கடன் அட்டை, போதிய வரம்புடன், வெளிநாட்டுப் பயன்பாடு திறக்கப்பட்ட நிலையில் இருக்க வேண்டும். 2020 முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடப்பட்டே வருகிறது. வங்கியின் செயலியில் நாமே திறந்துகொள்ள வேண்டும்.

பணம் செலுத்தும் கருவியில் ‘ரூபாயில் கட்டுகிறீர்களா, ரிங்கிட்டிலா’ என்று கேட்டால், ரிங்கிட்டையே தேர்ந்தெடுங்கள். ரூபாயில் மாற்றித் தருவது உதவியாகத் தோன்றினாலும், அவர்கள் வைக்கும் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகமானது.

#4 அலைவாய்க்கரை

திருவான்மியூரிலிருந்து எழுதுகிறேன். தம்பி மடிப்பாக்கம்வாசி, உங்கள் அப்பா சொல்வதைச் சற்று எண்ணிப் பாருங்கள் என்று ஓர் அக்காவாகச் சொல்ல விரும்புகிறேன்.

நீங்கள் புறப்படுவது நள்ளிரவை ஒட்டி. கோலாலம்பூருக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. குடியேற்றச் சோதனை, அடுத்த விமானத்துக்கான காத்திருப்பு, அதன் பிறகு மேலும் ஒரு மணி நேர விமானம். இவ்வளவையும் கடந்து, இரவு முழுவதும் கண் மூடாமல், மடியில் மூன்று வயதுக் குழந்தையைச் சுமந்து வந்த ஒருவர், பழக்கமில்லாத காரில், பழக்கமில்லாத சாலையில் ஸ்டியரிங் பிடிப்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. தூக்கம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. வீட்டில் ஓய்வெடுத்து எழுந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டும்போது இருக்கும் நிதானம் அன்று இருக்காது.

இன்னொரு செய்தியும் உண்டு. ஓட்டுபவருக்கு விடுமுறை கிடையாது. எல்லாரும் கடலைப் பார்த்து மகிழும்போது நீங்கள் சாலையையும் வழிகாட்டிச் செயலியையும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். சென்னையில் ஒரு திருமணத்துக்கு வெளியூர் போனால்கூட ஆக்டிங் டிரைவர் வைத்துக்கொள்கிறோமே, பெற்றோரை முதன்முறையாக வெளிநாட்டுக்கு அழைத்துப் போகும்போது அந்த நிம்மதியைக் கருதக் கூடாதா? இலங்கையின் தென்கரையில் பெந்தோட்டை, உனவட்டுன, மிரிஸ்ஸ என்று நாங்கள் சுற்றியபோது ஓட்டுநருடன் கூடிய வேனைத்தான் அமர்த்தினோம். அந்த ஓட்டுநர் தமிழ் பேசினார். எந்த இடத்தில் அலை இழுக்கும், எங்கே குழந்தைகள் இறங்கலாம் என்பதையும் அவரே சொன்னார்.

#5 கிள்ளான் பள்ளத்தாக்கு

அக்கா சொல்வது இலங்கைக்குப் பொருந்தும். லங்காவிக்கு முழுமையாகப் பொருந்தாது என்று பணிவுடன் சொல்வேன். நான் மலேசியாவில் பிறந்து வளர்ந்தவன். இப்போது பணியின் நிமித்தம் சென்னையில் வசிக்கிறேன். இரண்டு ஊர்ச் சாலைகளும் எனக்குப் பழக்கம்.

லங்காவி சிறிய தீவு. விமான நிலையம் இருக்கும் பாடாங் மாட்சிராட்டிலிருந்து பந்தாய் செனாங்குக்குக் கால் மணி நேரத்தில் போய்விடலாம். சுங்கச்சாவடியே கிடையாது. மலேசியாவிலும் இந்தியாவைப் போலவே சாலையின் இடப்புறம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங்கும் வலப்புறம்தான் என்பதால் அடிப்படையான தடுமாற்றம் ஏற்படாது. வாடகைக்கு வருபவை பெரும்பாலும் கியர் மாற்றத் தேவையில்லாத ஆட்டோமேடிக் கார்கள். ஆறு பேருக்கு மைவி, ஆக்ஸியா போன்ற சிறிய கார்கள் போதா. பெரோடுவா அல்ஸா அல்லது டொயோட்டா இன்னோவா போன்ற ஏழு இருக்கை வண்டி வேண்டும். ஆனால் மூன்றாவது வரிசையை விரித்துவிட்டால் பெட்டிகள் வைக்க இடம் மிகக் குறைவு. ஆறு பேரின் பெட்டிகளோடு விமான நிலையத்தில் நின்று திண்டாட வேண்டாம்.

தீவின் வடக்கே தஞ்சோங் ரூ, டத்தாய் பக்கம் போகும்போதுதான் சொந்தமாக ஓட்டுவதன் அருமை தெரியும். செனாங்கிலும் குவா நகரிலும் கைப்பேசிச் செயலியில் அழைத்தால் வண்டி வந்துவிடும். ஆனால் ஆள் நடமாட்டம் குறைந்த வடபகுதியில் போய் இறங்கிவிட்டுத் திரும்பி வர வண்டி தேடுவது, அதுவும் முழங்கால் வலியுள்ள அம்மாவோடு, எளிதன்று.

நம் ஊர் ஓட்டுநர்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய இடங்களைச் சொல்கிறேன். சிவப்பு விளக்கில் இடப்புறம் திரும்புவது சென்னையில் பல சந்திப்புகளில் இயல்பு. அங்கே அதற்கென்று தனி வழியோ பலகையோ இல்லாவிட்டால் நின்றே ஆக வேண்டும். ரவுண்டானாவில் ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கே முன்னுரிமை. வலப்புறம் பார்த்து, வழிவிட்டு, பிறகு நுழைய வேண்டும். ‘பெர்ஹெந்தி’ என்று எழுதிய சிவப்புப் பலகை நிற்கச் சொல்வது. ‘அவாஸ்’ என்றால் எச்சரிக்கை. ஹாரன் அடிப்பதை அங்கே கோபத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்வார்கள். சாலையில் மாடும் எருமையும் குறுக்கே வரும்; அது மட்டும் நமக்குப் பழகிய காட்சி. மலைப்பாதைகளில் குரங்குகள் உண்டு. கண்ணாடியை இறக்கி அவற்றுக்குத் தீனி கொடுக்கக் குழந்தைகளை அனுமதிக்காதீர்கள்.

பெட்ரோல் பங்க்கில் ஊழியர் வந்து நிரப்ப மாட்டார். முதலில் உள்ளே போய் எத்தனை ரிங்கிட்டுக்கு என்று சொல்லிப் பணம் கட்டிவிட்டு, நீங்களே குழாயை எடுத்து நிரப்ப வேண்டும்.

லங்காவி 1987 முதல் சுங்கவரியற்ற தீவு என்பதால் மதுபானம் மலிவு. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஓட்டுபவர் மாலையில் ஒரு குவளை பீர்கூட அருந்தக் கூடாது. 2020இல் மலேசியா சட்டத்தைக் கடுமையாக்கி, இரத்தத்தில் அனுமதிக்கப்பட்ட மதுவின் அளவை 100 மில்லி லிட்டருக்கு 50 மில்லி கிராமாகக் குறைத்தது. குடித்துவிட்டு ஓட்டினால் காப்பீடும் கைகொடுக்காது.

களைப்பைப் பற்றி அக்கா சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். அதற்கு ஒரு வழி இருக்கிறது. முதல் நாள் விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு டாக்சியில் போய்த் தூங்குங்கள். மறுநாள் காலை விடுதிக்கே காரைக் கொண்டுவந்து தரும் நிறுவனங்கள் பல உண்டு. ஒரு நாள் வாடகையும் மிச்சம்.

#6 மடிப்பாக்கம்வாசி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. எக்ஸஸ் பற்றிய விளக்கத்தைப் படித்த பின் நான் பார்த்து வைத்திருந்த மலிவான நிறுவனத்தின் நிபந்தனைகளைத் திறந்து பார்த்தேன். காப்பீட்டுக்காரர் ஐயா சொன்னபடியே, வாடகை குறைவாக இருந்த இடத்தில் எக்ஸஸ் மிக அதிகமாக இருக்கிறது.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. என் ஓட்டுநர் உரிமத்தில் பெயர் இனிஷியலோடு இருக்கிறது. கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயர் என்ற இடத்தில் விரிவாக இருக்கிறது. கடன் அட்டையில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் வந்துவிட்டது. மூன்றும் மூன்று விதம். இது சிக்கலாகுமா? அடுத்தது, மகனுக்கான குழந்தை இருக்கையை இங்கிருந்தே கொண்டு போக வேண்டுமா?

#7 மாம்பலம் பயணி

பெயர்ச் சிக்கல் தமிழ்நாட்டிலிருந்து போகும் பெரும்பாலோருக்கு வருவது. முன்பதிவுப் படிவத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது கடவுச்சீட்டின் நகலும் கேட்கப்படுகிறது; அனுமதியில் எப்படிப் பெயர் அச்சாகும் என்பதை அலுவலகத்திலேயே கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டில் உள்ள வடிவத்திலேயே அது அமைந்தால் பாதிச் சிக்கல் தீரும். பிறகு வாடகை நிறுவனத்துக்கு இப்போதே மின்னஞ்சல் அனுப்பி, உரிமம், கடவுச்சீட்டு, கடன் அட்டை ஆகியவற்றில் பெயர் எழுதப்பட்டிருக்கும் முறையை விளக்கி (அட்டையின் எண்களை மறைத்துவிட்டு), இதை ஏற்பீர்களா என்று எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் இருக்கும் ஊழியர் தயங்கினால் அந்த மின்னஞ்சலைக் காட்டலாம்.

கடன் அட்டை ஓட்டுபவரின் பெயரிலேயே இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான நிறுவனங்களின் விதி. மனைவியின் அட்டையைக் கொடுத்து உங்கள் பெயரில் காரை எடுக்க முடியாமல் போகலாம். அவரும் ஓட்டுவதாக இருந்தால், அவருக்கும் பன்னாட்டு அனுமதி எடுத்து, ஒப்பந்தத்தில் இரண்டாவது ஓட்டுநராகச் சேர்த்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் பெயரில்லாதவர் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். சில நிறுவனங்கள் ஓட்டுபவருக்கு உச்ச வயது வரம்பு வைத்திருக்கின்றன. அப்பா ஓட்ட விரும்பினால் அதையும் கேளுங்கள்.

#8 கிள்ளான் பள்ளத்தாக்கு

மலேசியாவில் தனியார் கார்களில் குழந்தை இருக்கை 2020 முதல் கட்டாயம். பின்னிருக்கையில் பெல்ட் அணிவது 2009 முதல் கட்டாயம். குழந்தை இருக்கையை நிறுவனத்திடமே கூடுதல் கட்டணத்துக்குப் பெறலாம். ஆனால் ‘இருந்தால் தருகிறோம்’ என்ற பதிலில் திருப்தி அடையாமல், முன்பதிவுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். மடியில் வைத்துக்கொள்ளலாம் என்ற நம் ஊர் வழக்கம் மிக ஆபத்தானது. திடீரென்று பிரேக் போட்டால் குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது.

#9 பெசன்ட்நகர் மாலை

இழைக்கு நெருக்கமான ஒரு கேள்வி. நாங்கள் வியட்நாமின் டா நாங் கடற்கரைக்குப் போகிறோம். இதே அனுமதியை வைத்து அங்கே கார் அல்லது ஸ்கூட்டர் எடுக்கலாமா?

#10 காப்பீட்டுக்காரர் அண்ணாநகர்

எடுக்க வேண்டாம். வியட்நாம் ஏற்பது 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைப்படி வழங்கப்படும் அனுமதியை. இந்தியா அந்த உடன்படிக்கையில் இல்லை. நம் அனுமதி 1949ஆம் ஆண்டுக்குரியது என்பதால் அங்கே சட்டப்படி செல்லாது. அங்கே சாலையின் வலப்புறம் ஓட்ட வேண்டும் என்பது தனி. கடையில் ஸ்கூட்டரைக் கேள்வி கேட்காமல் கொடுத்துவிடுவார்கள் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் விழுந்து எலும்பு முறிந்தால், செல்லுபடியாகும் உரிமமின்றி ஓட்டினீர்கள் என்ற காரணத்தைக் காட்டி உங்கள் பயணக் காப்பீட்டு நிறுவனம் மருத்துவச் செலவை மறுக்க முடியும்.

ஸ்கூட்டரைப் பற்றி எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: கார் ஓட்டும் உரிமம் மட்டும் உள்ளவர், தாய்லாந்தின் புக்கெட்டிலோ வேறெங்கோ, இருசக்கர வண்டியை எடுத்தால் இதே நிலைதான். அனுமதியில் இருசக்கர வண்டிக்குரிய பிரிவில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, எந்தக் கடையிலும் கடவுச்சீட்டை ஈடாக வைத்துவிட்டு வராதீர்கள். அது இந்திய அரசின் சொத்து. சேதத் தகராறு எழுந்தால், கேட்ட தொகையைக் கொடுத்தால்தான் கடவுச்சீட்டு என்ற நிலைக்கு நீங்கள் தள்ளப்படுவீர்கள். நகலைக் கொடுங்கள், அசலைத்தான் கேட்பேன் என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

#11 வேளச்சேரி வாசகி

காரை எடுக்கும்போதும் ஒப்படைக்கும்போதும் செய்ய வேண்டியதை யாரும் விரிவாக எழுதவில்லை. எங்கள் குடும்பத்தில் ஓட்டுபவள் நான்தான் என்பதால், மொரிஷியஸில் நாங்கள் கார் எடுத்தபோது பட்ட அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். திருப்பிக் கொடுக்கும் நேரத்தில் முன்பம்பரின் அடியில் இருந்த ஒரு பழைய உரசலைக் காட்டி, அது எங்களால் ஏற்பட்டது என்று நிறுவன ஊழியர் வாதிட்டார். எடுக்கும்போதே என் கணவர் குனிந்து அந்த இடத்தைக் காணொளியாக எடுத்திருந்தார். தேதியும் நேரமும் அதில் பதிவாகியிருந்தன. காட்டியவுடன் பேச்சு முடிந்தது. அது இல்லாதிருந்தால் டெபாசிட்டின் பெரும்பகுதி போயிருக்கும்.

ஆகவே சாவியை வாங்கிக்கொண்டு அவசரமாகப் புறப்பட வேண்டாம். குழந்தைகளை நிழலில் உட்கார வைத்துவிட்டு, காரை ஒரு முறை முழுமையாகச் சுற்றி வந்து காணொளி எடுங்கள். நான்கு சக்கர வளையங்கள், முன்கண்ணாடி, பம்பரின் அடிப்பகுதி, கூரை, உள்ளிருக்கைகள், பெட்ரோல் முள், ஓடிய கிலோமீட்டர் எல்லாம் அதில் வர வேண்டும். மாற்றுச் சக்கரமும் ஜாக்கியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கண்ணில் பட்ட ஒவ்வொரு கீறலையும் அவர்களுடைய படிவத்தில் குறிக்கச் செய்து கையொப்பம் வாங்குங்கள். திருப்பும்போதும் இதையே மறுபடி செய்யுங்கள். அதிகாலை விமானத்துக்காகச் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போக நேர்ந்தால் இது இன்னும் முக்கியம்.

கடற்கரை ஊருக்கே உரிய செய்தி மணல். கார் கடற்கரை மணலில் இறங்கவே கூடாது. அலை ஒதுங்கிய ஈர மணல் கெட்டியாகத் தெரியும். எடை ஏறியதும் சக்கரம் புதையும். அதை மீட்கும் செலவும் உப்புநீரால் வரும் கேடும் எந்தக் காப்பீட்டிலும் அடங்காது என்றே ஒப்பந்தங்களில் எழுதியிருக்கிறது. குளித்துவிட்டு ஈர உடையோடு இருக்கையில் உட்கார்ந்தால் துப்புரவுக் கட்டணம் கேட்பார்கள். பழைய துண்டுகள் சிலவற்றை எடுத்துப் போங்கள். கடும் மணமுள்ள துரியான் பழத்தைக் காரில் ஏற்றக் கூடாது என்ற விதியும் மலேசிய வாடகை நிறுவனங்கள் பலவற்றில் உண்டு.

#12 காப்பீட்டுக்காரர் அண்ணாநகர்

சகோதரி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மோதல் நேர்ந்தால், சிறியதானாலும், இடத்திலேயே பணம் கொடுத்து முடித்துக்கொள்ளாதீர்கள். மலேசியச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் புகார் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவின் நகல் இல்லாமல் காப்பீடும் சிடிடபிள்யூவும் நடைமுறையில் பயன்படாது. அவசர எண் 999. முதலில் எல்லாரும் பாதுகாப்பாக இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, படம் எடுத்து, வாடகை நிறுவனத்தையும் அழையுங்கள்.

விமான நிலைய வாசலிலோ முகநூலிலோ தனிநபர் தம் சொந்தக் காரை மலிவாக வாடகைக்குத் தருவதாகச் சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு எடுத்த காப்பீடு, வாடகைக்கு விட்ட காருக்குச் செல்லாது. நம் ஊரில் செல்ஃப் டிரைவ் வண்டிகளுக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருப்பது ஏன் என்பதை நினைத்துப் பாருங்கள். அங்கும் வாடகைத் தொழிலுக்குத் தனி உரிமமும் தனிக் காப்பீடும் உண்டு.

#13 அலைவாய்க்கரை

முதல் நாள் ஓய்வெடுத்து மறுநாள் காரை எடுப்பது என்றால் என் எதிர்ப்பை விலக்கிக்கொள்கிறேன் தம்பி. அம்மாவுக்காக ஒன்று மட்டும்: தரை உயரமான வண்டியாக இருந்தால் ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்காது. வாடகையை முடிவு செய்யும் முன், அந்த வகைக் காரில் அவர் எந்த இருக்கையில் உட்காருவார், படி உண்டா என்று பாருங்கள்.

#14 மடிப்பாக்கம்வாசி

அக்கா, நல்ல யோசனை. உறவினர் ஒருவரின் இன்னோவாவில் அம்மாவை ஏற்றிப் பார்த்தோம்; முன்னிருக்கையில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறிவிடுகிறார். அப்பாவும் இந்த இழையை முழுவதும் படித்துவிட்டு, முதல் நாள் டாக்சி என்ற ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார்.

நானும் மனைவியும் பன்னாட்டு அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டோம். இரண்டு நிறுவனங்களுக்குக் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பவிருக்கிறேன்: எக்ஸஸ் எவ்வளவு, அதைக் குறைக்க நாளொன்றுக்கு எவ்வளவு கூடுதல், எந்தெந்தப் பாகங்கள் அதில் அடங்கா, பழுது நாட்களுக்கு வாடகை கேட்பீர்களா, அட்டையில் எவ்வளவு முடக்குவீர்கள், எத்தனை நாளில் விடுவிப்பீர்கள், இரண்டாவது ஓட்டுநருக்கும் குழந்தை இருக்கைக்கும் கட்டணம் என்ன, என் பெயர் மூன்று ஆவணங்களிலும் இப்படி இருப்பதை ஏற்பீர்களா, விடுதிக்குக் காரைக் கொண்டுவந்து தருவீர்களா. விடுபட்டது ஏதேனும் உண்டா?

#15 கிள்ளான் பள்ளத்தாக்கு

பெட்ரோல் விதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறைத்துக் கொடுத்தால் நிறைத்துத் திருப்ப வேண்டும் என்பதே நமக்கு நல்லது. கால் தொட்டியோடு கொடுத்து அதே அளவில் திருப்பு என்பவர்களிடம், அந்த அளவை முள்ளின் படத்தோடு எழுதி வாங்க வேண்டும். மேலும், லங்காவி அடங்கியுள்ள கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் சிறு நிறுவனங்கள் மூடியிருக்கலாம். நீங்கள் காரை எடுக்கும் அல்லது திருப்பும் நாள் வெள்ளியாக அமைந்தால், எந்த நேரத்துக்கு ஆள் இருப்பார் என்பதையும் அந்த மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள்.